கேட்காமல் எடுத்த சவ்வு

“ரெண்டு மாசமா உங்க பத்தியைக் காணோமே, உடம்புக்கு ஏதாவது?” என்று செந்துறையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார்.

உடம்புக்குத்தான். ஆனால் என் உடம்புக்கு அல்ல.

என் மகள் கல்பனாவுக்கு ஆறு வயது. அன்றைக்கு என் மனைவி சரோஜா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தது குழந்தை. அவ்வளவுதான். பானை சரிந்து, கொதிக்கும் கஞ்சி அதன் இடது கையிலும் மார்பிலும் கொட்டிவிட்டது.

அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். காரணம், போகப் போகத் தெரியும்.

தீக்காயத்தில் காயத்தைவிடக் கொடுமை கட்டு மாற்றுவது. துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் அதைப் பிரிப்பார்கள். சரோஜா உள்ளே குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். நான்? வராந்தாவின் கடைசித் தூணுக்குப் போய்விடுவேன். அங்கேயும் கேட்கும்.

நாலாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர். மதுரையில் படித்தவர்.

“ஒரு வழி இருக்கு சார். பிரசவத்துல நஞ்சுக்கொடியோட ஒரு சவ்வு வரும். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா இருக்கும். அதைச் சுத்தம் பண்ணிப் புண்ணு மேல போர்த்திட்டா தோல் மாதிரி காப்பாத்தும். தினம் பிரிக்க வேண்டாம். வலி பாதிக்கு மேல குறைஞ்சிடும்.”

“செய்யுங்க டாக்டர்” என்றேன். வேறென்ன சொல்வேன்?

மார்பில் இன்னும் சீழ் இருந்தது. அதனால் மறுநாள் முதலில் கைக்கு மட்டும் போட்டார்கள். அன்று மத்தியானம் கல்பனா மிக்சர் கேட்டாள். ஐந்து நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆசை. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இந்த வாரம் மருத்துவ விஞ்ஞானத்தை வாழ்த்தி எழுதியிருப்பேன். வினை என் வாயில் இருந்தது. வார்டு ஆயாவிடம் சும்மா இருக்காமல் கேட்டேன் — “அது யாரோடதும்மா?”

“நாலாம் பெட்டு ராசாத்தியோடது சார். திருமழபாடிப் பொண்ணு. காலைல வூட்டுக்குப் போயிடுச்சு.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பொதைக்கணும், குடுங்கன்னு அந்தப் பொண்ணோட ஆத்தா கேட்டுச்சு. நாங்களே ஆழமாக் குழி தோண்டிப் பொதைச்சுட்டோம்னு சொல்லி அனுப்பிட்டேன். பின்ன என்னத்தைச் சொல்றது?”

நம் பக்கத்தில் நஞ்சுக்கொடியை எப்படிப் புதைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய், நரி தோண்டிவிடக் கூடாது. அதற்கு ஏதாவது ஆனால் குழந்தைக்கு ஆகிவிடும் என்று பயம். சவ்வும் அதோடு சேர்ந்ததுதானே? அந்த உயிருள்ள திசு என் மகள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பெற்றவளோ மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “எப்படியும் குழியில போடறதுதானே சார்? ஒரு குழந்தை வலி இல்லாம தூங்குதே” என்றார்.

நியாயம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

இரண்டு நாளில் மார்பு சுத்தமாகிவிட்டது. அடுத்த பிரசவம் வந்தால் மார்புக்கும் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். அன்றே கீழப்பழுவூரிலிருந்து செல்வி என்று ஒரு பெண்ணை வலியோடு கொண்டுவந்தார்கள்.

“இந்தத் தடவை கேட்டுடலாம்” என்றேன்.

சரோஜா நிமிர்ந்து பார்த்தாள். “கேக்காதீங்க. மாட்டேன்னுட்டா?”

“அதுக்காகக் கேக்காம எடுக்கறதா?”

“நம்ம பொண்ணு கத்துறப்ப நீங்க தூணுகிட்ட நின்னீங்க. கையைப் பிடிச்சுக்கிட்டது நானு.”

இருந்தும் செல்வியின் புருஷனிடம் போனேன். கரும்பு வெட்டுகிறவர். நான் பேச ஆரம்பித்ததுமே தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, “சார் பார்த்து எது செஞ்சாலும் சரிங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இது சம்மதமா? நான் போட்டிருந்த சட்டைக்கு அவர் கொடுத்த மரியாதை. என் வாயால் எதைக் கேட்டிருந்தாலும் அதற்கும் இதே கும்பிடுதான் கிடைத்திருக்கும்.

செல்வியிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பிரசவ வார்டுக்குள் நான் போக முடியாது. வேறு வழியில்லாமல் சரோஜாவைப் பார்த்தேன். எழுந்து உள்ளே போனாள்.

அங்கே நடந்ததைப் பிறகு அவள்தான் சொன்னாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் செல்வி எல்லாவற்றையும் கேட்டாளாம். “பொம்பளப் புள்ளையாக்கா? எத்தினி வயசு?” என்று விசாரித்தாளாம். அடுத்த வலி அடங்கியதும், “அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எம் புள்ளைக்கு ஆகுமாக்கா?” என்றாளாம்.

“ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு” என்றாளாம் சரோஜா.

“நீங்க சொல்லுங்க.”

ஒரு பொய் சொன்னால் போதும். சரோஜா சொல்லவில்லை. “எனக்குத் தெரியாது தங்கச்சி” என்றாளாம்.

“ரெண்டு புள்ளை வயித்துலயே போயிடுச்சுக்கா. எனக்குப் பயமா இருக்கு. வேணாம். கோவிச்சுக்காதீங்க.”

சாயந்திரம் செல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதன் சத்தம் வராந்தா வரை கேட்டது. மறுநாள் காலை கல்பனாவுக்கு மார்பில் துணிக் கட்டைப் பிரித்தார்கள். அதுவும் கேட்டது. இந்த முறை நான் தூணுக்குப் போகவில்லை. உள்ளே நின்றேன். சரோஜா ஒரு கையையும் நான் ஒரு காலையும் பிடித்துக்கொண்டோம். சரோஜா என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஒரு வாரமும் பார்க்கவில்லை.

அதற்குள் வேறு பிரசவம் வரவில்லை. துணிக் கட்டோடுதான் மார்பு ஆறியது.

இப்போது கல்பனாவின் கை நன்றாக இருக்கிறது. லேசாக நிறம் மட்டும் வேறு. மார்பில் தோல் சிவந்து, தடித்து, கயிறு திரித்த மாதிரி இருக்கிறது. சவ்வு போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா? டாக்டரைக் கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாது சார். மார்புல காயமும் ஆழம்” என்றார். ‘உறுதியாச் சொல்ல முடியாது’ — இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக்குப் பஸ் ஏறினேன்.

ராசாத்தியின் வீடு கொள்ளிடக் கரைப்பக்கம். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆயாவின் பொய் உள்பட. மன்னிப்பும் கேட்டேன். மனசு லேசாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன்.

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இதை எதுக்கு சார் இப்ப வந்து சொல்றீங்க? நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேனே. இனிமே இது இருமுனாக்கூட எனக்கு அதுதான நெனப்பு வரும்?”

என் பாரத்தை அவள் மடியில் இறக்கிவைக்கத்தான் நான் பஸ் ஏறியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்தேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டாள்.

“அந்தப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க சார். கையைப் பாக்கணும்.”

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் போனோம். ராசாத்தி கல்பனாவின் கையைத் தன் மடியில் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பெருவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். “வலிக்குதா கண்ணு?” என்றாள். கல்பனா இல்லை என்று தலையாட்டினாள். ராசாத்தியிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு கவுன் கழுத்துக்கு மேலே தெரிந்த தழும்பைப் பார்த்தாள்.

“இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?”

“அதுக்கு வேற ஒருத்தங்ககிட்ட கேட்டோம்” என்றாள் சரோஜா. “பயமா இருக்கு, வேணாம்னுட்டாங்க.”

ராசாத்தி தன் குழந்தையைப் பார்த்தாள். மறுபடி கல்பனாவின் கையைப் பார்த்தாள்.

“என்னைக் கேட்டிருந்தாலும் நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்க்கா.”

திரும்பும்போது பஸ்ஸில் கல்பனா என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டிருக்க வேண்டும் — இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘நல்லவேளை, கேட்கவில்லை’ என்று மனசின் ஒரு மூலையிலிருந்து ஒரு குரல் வருகிறதே… எனக்கு இப்போது பயமெல்லாம் அந்த மூலையைப் பார்த்துத்தான்!