காட்டுக் கோவிலில் காத்திருந்த ஒரு மணித்தியாலம்

வெள்ளிக்கிழமை, காலை 6.10. யாழ்ப்பாணம் புகையிரத நிலையம். பதினான்கு குருளைச் சாரணர், பதினான்கு முதுகுப்பை, சமைக்க இரண்டு பெரிய கிடாரம், அரை மூட்டை அரிசி, என்னோடு படிப்பிக்கும் கனகசபை மாஸ்டர். எல்லாவற்றையும் மூன்று தரம் எண்ணி ஏற்றிவிட்டு நான் இருக்கையில் விழுந்தபோது கோச்சி நகரத் தொடங்கிவிட்டது.

கிழமை நாட்களில் நான் ஆசிரியை. சனி பின்னேரங்களில் சம்பளமில்லாத சாரணத் தலைவி. எட்டு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளை ஒட்டுசுட்டானுக்கு, காட்டோரத்தில் நான்கு நாள் பாசறைக்குக் கொண்டு போகிறேன் என்றபோது, "உமக்கென்ன விசரோ?" என்று கேட்காதவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். எங்கள் பங்குச் சுவாமியார் அப்படிக் கேட்கவில்லை. பதினான்கு பேரில் ஐந்து பேர் கத்தோலிக்கப் பிள்ளைகள். அவர்களுக்கு ஞாயிறு பூசை தவறக்கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

அந்த ஐவரில் ஒருவன் என் மகன் அன்ரன், எட்டு வயது. வைகாசியில் எங்கள் கோவிலில் பிள்ளைகள் புதுநன்மை எடுத்த அன்று இவன் கொப்புளிப்பான் போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். கத்தோலிக்கரல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: புதுநன்மை என்பது ஒரு பிள்ளை பூசையில் முதன்முதல் தேவநற்கருணை அப்பம், அதாவது நன்மை, வாங்கும் நாள். வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, இனசனம், விருந்து. ஒட்டுசுட்டானிலிருந்து பத்து மைலில் காட்டுக்குள் ஒரு சிற்றாலயம் இருக்கிறது, மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஒரு சுவாமியார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு யோசனை பிறந்துவிட்டது. அன்ரனுக்கு அங்கே புதுநன்மை கொடுக்கலாம் என்று பங்குச் சுவாமியாரிடம் கடிதம் வாங்கினேன். கொழும்பில் கிளாக்கர் வேலையிலிருக்கும் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் கோபம் மட்டும் தபாலில் வந்தது: "பெரிய கோவிலில் எல்லாரும் பார்க்க எடுக்கவேண்டிய புதுநன்மையை, ஒருவரும் பாராத காட்டிலா எடுக்கிறது?" இரண்டு இடத்திலும் ஆண்டவர் ஒருவர்தான் என்று பதில் எழுதிப் போட்டேன். எழுதும்போது இருந்த துணிவு தபாற்பெட்டி வரைக்கும்தான் இருந்தது.

நான்கு நாளும் நான் உனக்கு அம்மா இல்லை, ரீச்சர்தான் என்று அன்ரனுக்கு முன்னமே சொல்லியிருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா கூட வரவில்லையே.

7.30. ஆனையிறவு. இரண்டு பக்கமும் வெளிறிய கடல்நீர், நடுவே தண்டவாளம், உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. பதினான்கு தலையும் யன்னலுக்கு வெளியே.

"ரீச்சர், ஆனை எங்கை?"

"பேர்தான் மிச்சம்" என்றார் கனகசபை மாஸ்டர். "ஆனை எல்லாம் உப்புக்குப் பயந்து வன்னிக்கு ஓடிட்டுது."

8.50. மாங்குளம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பத்தெட்டு மைல். அங்கிருந்து முல்லைத்தீவு பஸ். ஒட்டுசுட்டானுக்குப் பதினைந்து மைல், எனக்கு எழுபத்தைந்து சதம், பிள்ளைகளுக்கு அரை ரிக்கற். மாங்குளம் தாண்டியதும் காடு இருபுறமும் சுவராக எழும்பியது. பாலை, வீரை, முதிரை. வேலிக்குள் வளர்ந்த எங்களுக்கு, வேலியே இல்லாமல் இவ்வளவு மரம் நிற்கும் என்பது நம்பமுடியாத சங்கதி. நான் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டுச் சொன்னார்:

"ரீச்சர், எல்லாம் சரி. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இந்த றோட்டு எங்கடை இல்லை. ஆனையின்ரை. பிள்ளையளுக்கு அதையும் சொல்லிவையுங்கோ."

குளக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் எங்கள் பாசறை. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் குளக்கட்டில் ஏற்றினேன். தண்ணீர் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தது. பட்டுப்போன மரங்கள் நீருக்குள் நின்றபடியே நிற்க, ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தது. சூரியன் இறங்கியபோது குளம் முழுவதும் செம்பாகிவிட்டது. வழக்கமாக ஒருவரை ஒருவர் தள்ளி விழுத்தும் என் பிள்ளைகள் தாங்களாகவே இருந்துவிட்டார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்த நானும் மூடிக்கொண்டேன்.

ஞாயிறு, காலை 4.15. மற்ற ஒன்பது பேரையும் மாஸ்டரிடம் விட்டுவிட்டு, ஐந்து பேரோடு மாட்டுவண்டி ஏறினேன். வண்டிக்காரர் அசனார் காக்கா. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம், நெல்லும் விறகும் ஏற்றுகிறவர்; காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பூசை ஏழரைக்கு. அன்ரனின் வெள்ளை உடுப்பு பழைய பேப்பரில் சுற்றியபடி என் மடியில். நன்மை வாங்குகிறவர்கள் முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்து வெறுவயிறாக இருக்கவேண்டும்; பாப்பரசர் அதை மூன்று மணித்தியாலமாகத் தளர்த்தி இரண்டு வருடம்தான் ஆகிறது. தண்ணீர் குடிக்கலாம். ஆகவே போத்தலில் தண்ணீர் மட்டும் எடுத்திருந்தேன். எனக்கு என் கெட்டித்தனத்தில் நல்ல திருப்தி.

மூன்று மைல் முல்லைத்தீவு வீதி. பிறகு வலப்பக்கம் திரும்பிக் காட்டு வண்டிப்பாதை.

5.45. வெளிச்சம் மெல்லக் கசிகிற நேரம். காக்கா வண்டியை நிறுத்தினார். இறங்கினார். புல்லைப் பிடுங்கி மாடுகளின் கழுத்து மணிக்குள் அடைத்தார். பிறகு எங்களைப் பார்த்து வாயில் கை வைத்தார்.

நூற்றைம்பது அடி தூரத்தில் பாதையே எழும்பி அசைந்தது.

முதலில் ஒரு முதுகு. பிறகு இன்னொன்று. குளத்தில் குளித்த ஈரம் கருப்பாக மின்ன, அவை பாலை மரங்களின் கீழே நின்று உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்றன. அவ்வளவு பெரிய உடம்புகள், அவ்வளவு சின்னப் பழம், ஒரு சத்தமில்லை. காது விசிறும் காற்று மட்டும் கேட்டது. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் வந்து, எங்களைப் பார்த்தது. பதினொன்று எண்ணினேன். வாழ்நாளில் இப்படி ஒன்றின் முன் நான் நின்றதில்லை.

அப்போதுதான் எங்கள் வண்டிக்குள் ராஜன் என்ற குருளைக்குச் சிரிப்பு வந்தது. பயச் சிரிப்பு. அடக்க அடக்க மூக்கால் வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கும் தொற்றியது. தாய் யானை தலையைத் தூக்கியது.

காக்கா வண்டிக்குக் கீழே கட்டியிருந்த ஓலை உமல் பையை அவிழ்த்து என் கையில் வைத்து, காதோடு சொன்னார்:

"பாலைப்பழம். குடுங்கோ ரீச்சர். பால் சொண்டிலை ஒட்டும். வாய் திறவாது."

கொடுத்தேன். பொன்மஞ்சள் நிறத்தில், வேப்பம்பழ அளவில் தேன் குழைத்தது போன்ற பழம். பால் உதட்டில் பட்டதும் பசை மாதிரி இழுக்கும். ஐந்து வாயும் அடங்கியது. முக்கால் மணித்தியாலம் நாங்கள் அப்படியே இருந்தோம். நானும் மூன்று தின்றேன்.

கடைசி யானை காட்டுக்குள் மறைந்ததும் கொப்பியை எடுத்து எழுதினேன்: "காலை 6.35. யானை பதினொன்று. பிள்ளைகள் மிக ஒழுங்கு." பெருமையோடு நிமிர்ந்தேன்.

"அம்மா" என்றான் அன்ரன்.

"ரீச்சர் எண்டு சொல்லு."

"இல்லை, அம்மா. நான் பழம் சாப்பிட்டிட்டன். இண்டைக்குப் புதுநன்மை எடுக்கேலாது."

அவன் அழவில்லை. ஒட்டிய உதட்டை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். என் கையால், என் மகனுக்கு, நானே ஊட்டியிருக்கிறேன்.

காக்காவுக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியபோது அவர் தலையில் கை வைத்தார். "நோன்பெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ரீச்சர்! நோன்பு எனக்குத் தெரியாத சாமானோ? பிள்ளையின்ரை வாயைப் பொத்திப் பிடிச்சிருப்பனே!"

மிச்ச வழி முழுவதும் மாடுகளை அவர் விரட்டியதில் எங்கள் பல்லோடு பல் அடித்தது. நான் ஒரு கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். அடுத்த பூசை ஒரு மாதம் கழித்து. அதற்குள் நாங்கள் யாழ்ப்பாணம் போய்விடுவோம். ஊரில் இனி வருகிற வைகாசிதான். கணவரின் கடிதத்தில் பட்ட சூடு ஞாபகம் வந்தது. ஒரு கெட்ட யோசனையும் வந்தது என்பதை மறைக்கவில்லை: சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

8.10. கிடுகுக் கூரை, களிமண் சுவர், முகட்டில் மரச் சிலுவை. கோவில் அவ்வளவுதான். பாலை மரக் கொப்பில் ஒரு தண்டவாளத் துண்டு மணியாகத் தொங்கியது. நாற்பது பேர் இருப்பார்கள். மர நிழலில் வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. சுவாமியார் வெளியே ஒரு கதிரையில் இருந்து கடைசி ஆளின் பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கியின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரை செம்புழுதி. பூசை இன்னும் தொடங்கவில்லை.

"பிந்திட்டம் சுவாமி. ஆனை மறிச்சது" என்றேன். அதோடு நிறுத்தினேன்.

அன்ரன் முன்னால் வந்து, இரண்டு விரலைத் தொப்பிக்கு உயர்த்திக் குருளை வணக்கம் வைத்தான். "சுவாமி, நான் பாலைப்பழம் சாப்பிட்டிட்டன்."

"எத்தினை?"

"ஏழு, சுவாமி."

"ஏழோ! நல்ல ருசியோ?"

"ஓம் சுவாமி."

சனம் சிரித்தது. சுவாமியாரும் சிரித்தார். "கடைசிப் பழம் எத்தினை மணிக்கு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொப்பியை நீட்டினேன். அவர் விரலில் கணக்குப் பார்த்தார்.

"ஒன்பது முப்பத்தைஞ்சுக்குப் பிறகு நன்மை குடுக்கலாம். பூசையை ஒன்பது பத்துக்குத் தொடங்கினால் சரி. எனக்கு ஒன்பது மைலிலை அடுத்த பூசை கிடக்கு. சைக்கிளைக் கொஞ்சம் கெதியா உழக்கினால் போச்சு. ஆனால் மகள், இந்தச் சனம் விடியமுன்னம் மூண்டு மணிக்கு வெளிக்கிட்டது. பச்சைத் தண்ணியோடை இருக்குதுகள். நான் எப்பிடி அவையைப் பொறுக்கச் சொல்லுறது?"

"வேண்டாம் சுவாமி" என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்காக, முன்பின் தெரியாத நாற்பது பேர்?

மணியடிக்கும் இரும்புக் கம்பியோடு கோவில் மூப்பர் நின்றிருந்தார். அவர் சனத்தைப் பார்த்தார். பெண்கள் சுருட்டிய பாய்களைத் திரும்ப விரித்தார்கள். மூப்பர் கம்பியை மரத்தடியில் சாத்திவிட்டு, மண்ணில் குந்தினார். அதுதான் முடிவு.

அந்த ஒரு மணித்தியாலத்தை எப்படி எழுதுவது? யாரோ செபமாலை தொடங்கினார்கள். தாய்மார் கைக்குழந்தைகளுக்குப் புட்டுக் குழைத்து ஊட்டினார்கள். ஊட்டிய விரலைச் சேலையில் துடைத்தார்களே தவிர, நாக்கில் வைக்கவில்லை. நிறைமாதமாயிருந்த ஒரு பெண் அன்ரனின் மெழுகுதிரியை வாங்கி, காட்டு மல்லிகைக் கொடியை அதில் சுற்றிக்கொண்டிருந்தாள். அன்ரனுக்கு உடுப்பு மாற்றியபோது நான்கு பெண்கள் நாலு பக்கமும் சேலை பிடித்து மறைத்தார்கள். காற்சட்டை மடிப்பைத் தண்ணீர் தொட்டு நீவிவிட்டார்கள். அசனார் காக்கா தன் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்காமல் வண்டிக்குள் வைத்தார். "இத்தினை பேர் பட்டினி கிடக்க எனக்குத் தொண்டையாலை இறங்குமே? பழம் குடுத்தவனும் நான்தானே."

9.10. தண்டவாளம் ஒலித்தது. காடு முழுவதும் கேட்டிருக்கும்.

9.40. பெரிய கோவில்களில் நான் எத்தனையோ பூசை கண்டிருக்கிறேன். களிமண் தரையில் முழந்தாளிட்டு, பாலைப்பழப் பால் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்த உதட்டைத் திறந்து, என் பிள்ளை நாக்கை நீட்டியபோது, பின்னால் நாற்பது பேரின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. காலையில் யானைகளின் முன் நின்றதும் இப்படித்தான்.

பூசை முடிந்து பொட்டலங்கள் அவிழ்ந்தன. எங்களிடம் எதுவும் இல்லை, எல்லாரும் தந்தார்கள். மல்லிகை சுற்றிய பெண்ணிடம் போனேன். ஏழு மைல் வண்டியில் வந்தவளாம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்னாலை நீங்களும் வயித்துப் பிள்ளையும் பசியோடை..."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "மாசத்திலை ஒருக்காத்தானே அக்கா எல்லாரும் கூடுறம். பூசை முடிஞ்சால் வண்டி கட்டிடுவினம். இண்டைக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக் கிடைச்சது. நீங்கள் தந்தது."

திங்கள், மாலை 4.20. திரும்பும் கோச்சி ஆனையிறவைக் கடந்தபோது, இந்தமுறை ஒருவரும் ஆனை எங்கே என்று கேட்கவில்லை. ஐந்து பேரும் மற்ற ஒன்பது பேருக்கும் யானைக் கதை சொல்லிக்கொண்டு வந்தார்கள். பதினொன்று அதற்குள் முப்பதாகிவிட்டது. உப்பு வெளிக்கு அப்பால் எங்கள் குடாநாடு. அங்கே எங்கள் கோவிலில் மணிக்கூடு அடித்ததும் பூசை தொடங்கும். பிந்தினவர் வாசலில் நிற்பார். நானே அவர்களைத் திரும்பிப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்.

ரயில் ஆட்டத்தில் எழுத்துக் கோணக் கோணக் கணவருக்குக் கடிதம் எழுதினேன். பாலைப்பழம், யானை, என் பிழை, எல்லாம் மறைக்காமல். கடைசியாக: "ஒருவரும் பாராத காடு என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். பசியோடு காத்திருந்து பார்த்தார்கள்."

"அம்மா" என்று என் தோளில் சாய்ந்தான் அன்ரன். பாசறை முடிந்துவிட்டது, நான் திருத்தவில்லை.