மாதா கோவிலில் மியோவின் பாட்டு

பலெர்மோவில் நாங்கள் ஐந்தாம் வகுப்பை முடிக்கவிருந்த அந்த வருடம் மியோவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. யப்பானுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு கூட்டம் முழுவதும் நின்று அழ வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும்.

மியோவின் அப்பா சிசிலிக் கடலின் சூரை மீனை வாங்கி யப்பானுக்கு அனுப்பும் கொம்பனி ஒன்றில் வேலை செய்தார். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் வீடு. அந்த வீட்டில் துப்புரவும் சமையலும் என் அம்மாவின் வேலை. மியோவின் தாயாரை நாங்கள் சிஞோரா என்போம். இரண்டு பிள்ளைகளையும் அம்மா ஒன்றாகக் கூட்டிவரலாம் என்று சிஞோராதான் என்னையும் மியோவின் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பித்தார். இத்தாலியன் வராததால் மியோவை ஒரு வகுப்பு இறக்கிப் போட்டிருந்தார்கள். வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நாங்கள் இருவர் மட்டுமே என்பதால், சொந்த ஊர் மொழியில் கதைத்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியை எங்களை ஒரே வாங்கில் இருத்தினார். யப்பானும் இலங்கையும் அவருக்கு அடுத்தடுத்த வீடுகள். நாங்கள் கதைத்தது பலெர்மோ இத்தாலியனில்தான்.

வசந்த காலத்தில் அவளுக்கு ஒரு பொதி வந்தது. யப்பானில் அவளோடு படித்த பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியை முடித்திருந்தார்கள். அந்த விழாவில் பாடிய பாட்டுகளை ஒரு கசெற்றில் பதிந்து அனுப்பியிருந்தார்கள். மியோ அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். பிள்ளைகளின் குரல்கள் மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, ஓரிடத்தில் உடைந்து போகும். உடைகிற இடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.

"அழுகிறார்கள்," என்றாள் மியோ பெருமையோடு. "அங்கே அழாமல் பள்ளிக்கூடம் முடியாது."

தான் அந்த விழாவைத் தவறவிட்டது அவளுக்குப் பெரிய குறை. இங்கேயாவது அப்படி ஒன்று நடத்தித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். நான் அப்போதே பட்டியல் போடுகிற பிள்ளை. இன்று கணினி வலையமைப்பு வேலையில் அந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் தருகிறார்கள். அன்று வீட்டில் பேச்சுத்தான் விழுந்தது. தேவையானவற்றை எழுதினேன்: பாட்டு, வகுப்புப் பிள்ளைகள், நேராக நிற்றல், கைகளை உடம்போடு ஒட்டி வைத்தல், குனிந்து வணங்குதல், அழுகை. கடைசியைத் தவிர மற்றதெல்லாம் பழக்கலாம், கடைசி தானாக வரும் என்றாள் மியோ.

பாட்டின் சத்தத்தை இத்தாலிய எழுத்தில் எழுதியெடுக்கக் கசெற்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. பகலில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவுவார், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் கீபோர்ட் வாசிப்பார். காதில் விழும் எந்த மெட்டுக்கும் ஒரு மாதா பாட்டு எழுதிவிடக்கூடியவர். ஒருமுறை தக்காளிக் குழம்பு விளம்பரத்தின் மெட்டு காணிக்கைப் பாட்டாக வந்து, சுவாமியார் பூசை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்திருந்தார்.

"ஆற்றை பாட்டடி இது?"

"யப்பான் பாட்டு மாமா. பள்ளிக்கூடம் முடியேக்கை படிக்கிறது. படிச்சுப் போட்டு எல்லாரும் அழுவினம்."

"பள்ளிக்கூடம் முடியிறதுக்கு அழுகையோ? நல்ல சனங்கள்."

சிரித்தாரே தவிர எழுந்து போகவில்லை. இன்னொருக்கால் போடு என்றார். பிறகும் போடச் சொன்னார். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அக்கா, ஊரிலை சண்டை துவங்கேக்கை எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டவை, பிறகு திறக்கேல்லை, என்ன?" என்றார். அம்மா, "ஓம்," என்றார். கொடுத்துவைத்தவர்கள் என்று நான் நினைத்தேன்.

"மாமா, இதை மாதா பாட்டாக்கக் கூடாது. இது மியோவின்ரை."

"சீச்சீ, நான் ஏன் எடுக்கிறன்?" என்றார் மாமா, விரல்களால் மேசையில் தாளம் போட்டபடி.

ஜூன் மாதம், பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் வகுப்பை முற்றத்தில் நிறுத்தினோம். இடைவேளைகளில் பழக்கியது வீண்போகவில்லை. முதல் பகுதியை எல்லோரும் ஒழுங்காகப் பாடினார்கள். இரண்டாவது பகுதியில் சால்வோ என்ற பையன் கைதட்டத் தொடங்கினான். காற்பந்து மைதானத்தில் தட்டுவதுபோல. உடனே வகுப்பு முழுவதும் தட்டியது, பிறகு தரையைக் காலால் உதைத்தது. வாசலில் காத்திருந்த தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள். உடைய வேண்டிய இடத்தில் பாட்டு, கோல் விழுந்ததுபோல முழங்கியது. மணி அடித்தது. தண்ணீர் பலூன்கள் பறந்தன.

யாரும் அழவில்லை. ஒரு பையன் மட்டும் வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதான். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள் மியோ. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடம் முடியவில்லை," என்றாள். "நின்றுவிட்டது, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவள் அந்தக் கசெற்றைப் போடவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஜூலைத் தொடக்கத்தில், ஊரிலிருக்கும் மடு மாதாவின் திருநாள் எங்கள் பலெர்மோக் கோவிலிலும் வரும். மியோ வீட்டார் புறப்பட இன்னும் சில நாள்களே இருந்தன. அம்மா சிஞோராவையும் மியோவையும் திருநாளுக்கு அழைத்தார். மியோவுக்கு என் பாவாடை சட்டை சரியாக இருந்தது. சிஞோராவுக்கு அம்மா சேலை உடுத்திவிட்டு, கழலாமல் இருக்க எத்தனையோ ஊசி குத்தினார். சிஞோரா மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட்டார்.

நற்கருணை முடிந்தது. மாமா கீபோர்டில் கை வைத்தார். முதல் இரண்டு சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காது சுட்டது. எழுந்து ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன். மியோ என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இது என் பாட்டு."

நான் பீடத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

மாமா எழுதியிருந்த சொற்கள் மிகச் சாதாரணமானவை. மணி அடிக்கவில்லை தாயே, மேசைக்குள் புத்தகம் இருக்கிறது, பக்கத்தில் இருந்தவளுக்கும் சொல்லாமல் வந்துவிட்டோம், நீ போய்ச் சொல்லிவிடு. அவ்வளவுதான். பாடகர் குழு மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, அந்த இடத்துக்கு வந்தபோது உடைந்து போனது. யாரும் பழக்காமலே உடைந்தது.

முன்வரிசையில் பேசாலை ஊர்க்கார அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவோடு எப்போதும் சண்டைக்குக் கொழுவுகிறவர். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் தொடங்கினார்கள். ஆண்கள் பக்கம் எல்லோரும் விட்டத்தில் ஏதோ இருப்பதுபோல மேலே பார்த்தார்கள். சிஞோரா மெட்டை அடையாளம் கண்டு, ஊசிகளையும் மறந்து குலுங்கினார். அம்மா சிஞோராவின் கையைப் பிடித்திருந்தார், அம்மாவின் முகமும் நனைந்திருந்தது.

மியோ வாங்கில் முழுவதாகத் திரும்பி, கோவிலைப் பின்சுவர்வரை பார்த்தாள்.

"எல்லோரும் அழுகிறார்கள்," என்று என் காதுக்குள் சொன்னாள். "இதுதான் சரி. நேராக நில்."

நாங்கள் எழுந்து நேராக நின்றோம். கைகளை உடம்போடு ஒட்டி வைத்தோம். மியோ யப்பானியச் சொற்களை மெல்லப் பாடினாள், நான் இத்தாலிய எழுத்தில் பாடமாக்கியதைப் பாடினேன். முடிந்ததும் மாதாவை நோக்கி இடுப்புவரை குனிந்தோம். அந்தக் கோவிலில் கண் ஈரமாகாமல் நின்றவர்கள் நாங்கள் இருவருந்தான். சோதனையில் பாஸ் பண்ணியதுபோல அவ்வளவு சந்தோஷம்.

வெளியே ரோல்ஸும் தேத்தண்ணீரும் கொடுத்தார்கள். மாமா எங்களிடம் பதுங்கிப் பதுங்கி வந்தார்.

"அவவுக்குக் கோவமோ எண்டு கேள்."

கேட்டேன். மியோ மாமாவுக்கும் இடுப்புவரை குனிந்து வணங்கினாள். மாமா கையிலிருந்த ரோலை அவளிடம் நீட்டினார்.

"ஏனம்மா அழுதனீங்கள்?" என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

"மெழுகுதிரிப் புகை கண்ணுக்கை போட்டுது."

பின்வரிசைவரை புகை எப்படிப் போனது என்று எனக்கு யோசனையாக இருந்தது. ஆனால் காரியம் ஆகிவிட்டதால் மேலே கேட்கவில்லை.

மியோ வீட்டார் புறப்பட்ட காலையில் நானும் அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழே வாடகைக் கார் நின்றது. சிஞோரா அம்மாவைக் கட்டிப்பிடித்து வெகுநேரம் விடவில்லை. நானும் மியோவும் விமானத்தில் ஜன்னலைத் திறக்க முடியுமா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். முடியாது என்பது என் கட்சி. கார் நகர்ந்த பிறகும் அவள் தலையை வெளியே நீட்டி, பார்த்துச் சொல்கிறேன் என்று கத்தினாள். சரி, சொல்லு என்றேன். பள்ளிக்கூடத்தைத்தான் முறையாக முடித்துவிட்டோமே, இனிச் செய்ய ஒன்றும் பாக்கியில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் கதவுத் திறப்பைத் திரும்ப வாங்க வருமுன் எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டியிருந்தது. மேலே போனோம். தளபாடம் இல்லை, கம்பளம் இல்லை. நீளமான பளிங்கு நடை வெறுமையாகக் கிடந்தது. அம்மா சவர்க்காரத் தண்ணீரை ஊற்றியதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சறுக்கினேன். கத்தினால் குரல் திரும்பி வந்தது. இன்னும் கத்தினேன்.

வேறு நாளென்றால் துடைப்பக் கட்டை பறந்து வந்திருக்கும். அம்மா மியோவின் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்லமாய். விழுந்துபோவாய்," என்றார். பிறகு உள்ளே போய் இன்னொரு வாளி சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவந்து, கழுவி முடித்த நடையில் மறுபடி ஊற்றினார்.

அம்மாவுக்கும் இந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பவும் ஓடிவந்து சறுக்கினேன்.