மூன்றாம் வீட்டு மீட்டர், நான்காம் வீட்டு வெளிச்சம்

மீட்டர்காரனுக்கு எந்த வீட்டிலும் தண்ணீர் கிடைக்கும், நல்ல வார்த்தைதான் கிடைக்காது. பில் எகிறினாலும் நான்தான் காரணம், கரண்ட் போனாலும் நான்தான் காரணம். கரண்டால் நொந்துபோன நீங்களாவது என்மேல் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

திருப்பதியில் நான் ஒப்பந்த மீட்டர் ஃபிட்டர். போன வருஷம் அலிபிரி பக்கம் ஒரு காம்பவுண்டில் நாலு வீட்டுக்கும் ப்ரீபெய்டு மீட்டர் மாட்டினேன். இந்த வருஷம் அதையே கழற்றிவிட்டு, மாதாமாதம் பில் வருகிற மீட்டரை மாட்டச் சொன்னார்கள். கிளம்பும்போது எங்கள் இன்ஜினியர், என்மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருப்பதை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது வந்தால் வேலை கிடையாது. நாலு வீட்டிலும் ‘புகார் இல்லை’ என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

பீப் சத்தம்

பேலன்ஸ் குறைந்தால் ப்ரீபெய்டு மீட்டர் பீப், பீப் என்று கத்தும். முதல் வீட்டு அம்மாவின் குடும்பமே அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னால் டிவியை அணைக்காத வீட்டுக்காரர், மீட்டர் சொன்னால் உடனே அணைத்துவிடுவாராம். பேலன்ஸ் நிறைய இருந்த நாட்களில் இந்த அம்மாவே சமையலறையில் நின்று வாயால் பீப் அடித்திருக்கிறார்.

கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனையும் போட்டார்: “எந்த மீட்டர வேணா மாட்டு நைனா, அந்தச் சத்தத்த மட்டும் கழட்டி இங்கியே வெச்சிட்டுப் போ.”

ஓனரம்மாவின் கணக்கு

இரண்டாம் வீட்டில் தகராறு இல்லை. அடுத்து மூன்றாம் நம்பர் மீட்டரை அணைத்தேன். கதவில் புதிதாக நான்கு என்று எழுதியிருந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. நான்காம் நம்பரை அணைத்தேன். மூன்றாம் வீட்டு ஃபேன் நின்றது. ஒயர்மேல் பென்சிலில் எழுதியிருந்த நம்பர்கள் என் கையெழுத்திலேயே இருந்தன.

அது இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக நிற்கிற காம்பவுண்டு. நான் இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, அந்தப் பக்கம் மூன்று, நான்கு என்று பஸ் சீட்டு மாதிரி எண்ணிவிட்டேன். அப்போது நல்ல பசி வேறு, அணைத்துச் சரிபார்க்கவில்லை. மாடிக்குப் போய், வீடுகளை எப்படி எண்ணுகிறீர்கள் என்று ஓனரம்மாவிடம் நைசாகக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஈசானிய மூலைல ஆரம்பிச்சு பிரதட்சிணமாத்தான். கோயில்ல நீ வேற எப்படிச் சுத்துவ?”

கன்னியப்பன் கேட்டுக்கொண்டது

மூன்றாம் வீட்டு கன்னியப்பன் ஆட்டோ ஓட்டுகிறவர், புத்தூர்க்காரர். கரண்டில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று, தெரியாதவன் மாதிரி விசாரித்தேன். ஆரம்பத்தில் ரீசார்ஜ் பண்ணியும் வீடு இருட்டாகவே இருந்ததாம். நான்காம் வீட்டு செல்வி அக்கா கரண்ட் திருடுகிறார் என்று இவரும், இவர் திருடுகிறார் என்று அவரும் தெருவே கேட்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். மீட்டர் இரண்டும் மாறிக் கிடப்பதைக் கடைசியில் செல்வி அக்காதான் கண்டுபிடித்தாராம். அதிலிருந்து இவர் நான்காம் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணுகிறார், அவர் மூன்றாம் நம்பருக்கு. இரண்டு வீட்டிலும் விளக்கு ஒழுங்காக எரிகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டு என் காதருகே வந்தார். “நல்லாத்தான் போய்க்கினு இருக்குது சார். சரி பண்றேன்னு நீ ஏதும் தொட்டுறாத.”

கடைசிக் கையெழுத்து

தொடாமல் எப்படி விடுவது? இனி பெயர் போட்டு பில் வரும். ஒயர்களை மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு மீட்டராக அணைத்து, இரண்டு தடவை சரிபார்த்தேன். அப்புறம் செல்வி அக்காவிடம் தாளை நீட்டினேன். இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து, ‘புகார் இல்லை’ என்ற வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பேனாவைத் திறந்தவர் எழுதாமல் என்னையே பார்த்தார். அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் தப்பாக மாற்றிக் கொடுத்தது நான்தான் என்று நானே சொல்லிவிட்டேன். இரண்டு புகார் கதையையும் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக ஏன் அக்கா புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“குடுத்தா, சரி பண்ண உன்னத்தான தம்பி அனுப்புவாங்க?”

இப்போதெல்லாம் எந்தக் காம்பவுண்டுக்குப் போனாலும், ஓனரை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லி, பின்னாலேயே பக்தியோடு எண்ணிக்கொண்டு நடக்கிறேன்.