நான்காவது கேபிள்

மிக்தாலியா எறிந்த கேபிள் பட்டறை மேசையில் விழுந்து, சுருண்டு, தரையில் போய்க் கிடந்தது.

"எடுத்துப் பாருடி! நீ கட்டினதுதானே? என் புருசன் தொடை எலும்பு ரெண்டா கெடக்குது!"

சொய்லா குனிந்து எடுத்தாள். திவோலி மேட்டில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாந்தியாகோவில் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் ஓடுகிறது என்றால் அதன் கிளட்ச் கேபிளை முக்கால்வாசி சொய்லா தெஸ்பாய்ன்தான் கட்டியிருப்பாள். பத்தொன்பது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. அவள் கட்டிய கேபிள் அறுந்தது என்று ஒருவரும் அதுவரை வந்ததில்லை.

"முந்தாநாள் எப்படி ஆச்சு, மிக்தாலியா?"

"எப்படி ஆகும்? மேட்டு முக்குல மொதல் கியர்ல, கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கைப்பிடி திடீர்னு தொளதொளன்னு போச்சாம். வண்டி துள்ளி லாரிக்கு முன்னாடி பாஞ்சிருச்சு." அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "உன்னைச் சபிக்கக்கூட எனக்கு நேரமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவள் போய்விட்டாள். சொய்லா கதவைச் சாத்திக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள். கேபிள் முனை அறுந்திருந்தால் இழைகள் பிய்ந்து, ஒன்றுக்கொன்று நீளம் மாறி இருக்கும். அப்படியானால் ஓட்டியவன் எண்ணெய் விடவில்லை என்று அர்த்தம். அவள் மனம் அதற்காக வேண்டிக்கொண்டது. அன்னை மரியே, ஒரு இழையாவது பிய்ந்திருக்கட்டும்!

ஒன்றும் பிய்ந்திருக்கவில்லை. ஈயம் பிடிக்க அவள் பூப்போல விரித்துவிட்ட முனை அப்படியே கூம்பி, பளபளவென்று இருந்தது. ஓர் இழையில்கூட ஈயம் ஒட்டியிருக்கவில்லை. முனையில் அவள் வார்த்த ஈயக்குண்டிலிருந்து கம்பி, உறையிலிருந்து கத்தி வருவதுபோல நழுவி வந்திருந்தது.

சொய்லா கேபிளைப் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

துறைமுகத்தில் ஒரு மாலுமி கொடுத்த எவர்சில்வர் கம்பி அது. துருப்பிடிக்காது, உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும், கைப்பிடி பஞ்சுபோல் இருக்கும். பழைய வண்டிகளுக்கு இப்படியொரு கேபிள் எங்கள் ஊரில் யாரும் கட்டியதில்லை என்று பெருமையோடு நான்கு கட்டினாள். எப்போதும்போல் துத்தநாகம் கரைத்த அமிலத்தில் முனையை நனைத்து, ஈயச்சட்டியில் முக்கினாள். சாதாரண இரும்புக் கம்பிக்கு அது போதும். எவர்சில்வருக்கு வேறு அமிலம் வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த மத்தியானம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வழக்கம்போல உத்தரத்தில் மாட்டி, தன் உடம்பு எடையைத் தொங்கவிட்டுச் சோதித்தாள். தாங்கியது. ஒரு தடவை தாங்கியது ஆயிரம் தடவை இழுக்கத் தாங்குமா என்று அந்த உத்தரம் சொல்லவில்லை.

நான்கில் ஒன்று இதோ கையில். மிச்சம் மூன்றும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதைப் பையில் போட்டுக்கொண்டு தன் வண்டியை உதைத்துக் கிளப்பினாள். மார்த்தே சதுக்கத்து வாடகை மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டு நின்றவர்களிடம் போய், இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வண்டிய எடுக்காதீங்க. நான் கட்டின கேபிள் சரியில்ல. கழட்டுங்க."

"என்னக்கா, மிக்தாலியா புருசன் உபால்தோ விழுந்ததுக்கு நீ பயந்துட்டியா? அவன் ஓட்டுற லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?"

"அவன் மேல தப்பில்ல. தப்பு என் மேல. கழட்டுடா!"

ரொட்டி தின்ற வாய்கள் நின்றன. இனிமேல் இவள் கேபிளை எவன் வாங்குவான் என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. சொய்லா அதைப் படித்தாள். படித்துவிட்டு ஸ்பேனரை நீட்டினாள். இரண்டு கேபிளும் கைக்கு வந்தன. ஒன்றில் ஈயக்குண்டு ஏற்கெனவே அரை நெல் அளவு நகர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கழற்றிக் கொடுத்தவன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"சிச்சோ, நாலாவது நீதான் வாங்கினே. எங்க?"

சிச்சோ சதுக்கத்தின் பழைய ஆள். தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினான்.

"அது எனக்கில்லக்கா. ஒரு கூட்டாளிக்கு."

"யாரு?"

"சொன்னா அவன் என்னைக் கொன்னுடுவான்."

"சொல்லலேன்னா அவன் செத்துடுவான்!"

சிச்சோ அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எவெலியோ."

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளுமாக அவள் வீட்டைவிட்டுப் போன புருஷனின் பெயர் அது. அதற்கப்புறம் ஒரே ஊரில் இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தால் இருவரில் ஒருவர் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள்.

"எங்க இருக்கான் இப்போ?"

"அலமேதா பக்கம் ஒரு சவாரி. கேக்கோட ஒரு அம்மா ஏறினாங்க. ரயில் கேட்டைத் தாண்டித்தான் போகணும்..."

அவன் முடிப்பதற்குள் சொய்லா கிளம்பிவிட்டாள். சரக்கு ரயில் பதினோரு மணிக்கு. சதுக்கத்துக் கடிகாரத்தில் பதினொன்றுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

சரிவில் பிரேக்கைத் தொடாமல் இறங்கினாள். காய்கறி வண்டிக்காரன் வைதான். ஒரு கிழவர் கைத்தடியை ஓங்கினார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. துறைமுகப் பக்கத்திலிருந்து ரயிலின் ஊதல் மட்டும் விழுந்தது.

எங்கள் ஊர் ஓட்டுநர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தடுப்புக்கட்டை இல்லாத அந்த ரயில் கேட்டில் காத்திருக்கும்போது நியூட்ரலுக்கு வரமாட்டார்கள். முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை இறுக்கிப் பிடித்து, முன்சக்கரத்தைத் தண்டவாளத்துக்கு நாலு முழத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கடைசிப் பெட்டி போனதும் முதலில் பாய வேண்டுமாம்.

எவெலியோ எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பருமனான ஓர் அம்மாள், மடியில் பெரிய நீலக்கிரீம் கேக். அவன் முதுகைத் தூரத்திலிருந்தே சொய்லா அடையாளம் கண்டாள். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. தைத்துக்கொடுக்க யாருமில்லையா இவனுக்கு?

நடுவில் லாரியும் குதிரைவண்டியும் அடைத்துக்கொண்டு நின்றன. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ரயில் எஞ்சின் திருப்பத்தில் வந்துவிட்டது. தரை அதிர்ந்தது.

"எவெலியோ! கியர் மிதியை அமுக்கு! காலால அமுக்கிப் பிடி!"

ஜாவாவில் கியர் மிதியைக் காலால் அமுக்கிப் பிடித்தாலே கிளட்ச் விட்டுக்கொடுக்கும், கேபிளே வேண்டாம். ஆனால் ஆறு வருடமாகக் கேளாத குரலுக்கு ஒரு கால் கட்டுப்படுமா?

கட்டுப்பட்டது. ஏன், எதற்கு என்று கேட்காமல் அவன் பாதம் மிதியை அமுக்கியது. அதே கணத்தில் அவன் இடக்கையில் கைப்பிடி செத்த கோழியின் கழுத்துபோலத் துவண்டது. வண்டி ஒரு சாண் துள்ளி நின்றது. ரயில் எஞ்சின் அவன் முகத்துக்கு எதிரே சூடாகக் கடந்தது.

"ஐயோ, என் பேத்தி கேக்கு!" என்று அலறினாள் அந்த அம்மாள். நீலக்கிரீம் முழுவதும் எவெலியோவின் முதுகில். "முட்டாப்பயலே, வண்டி ஓட்டுறியா, ஆடு மேய்க்கிறியா?"

பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. சொய்லா அவன் அருகில் போய் எஞ்சினை அணைத்தாள். "இப்ப காலை எடு," என்றாள். அவன் எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. முழங்காலை அவள்தான் பிடித்து நகர்த்தினாள். பிறகு கைப்பிடியிலிருந்து கேபிளை உருவினாள். கம்பி தனியே, ஈயக்குண்டு தனியே வந்தது.

"உன் கையால கட்டினதா இப்படிக் கழண்டுச்சு?" என்றான் எவெலியோ. நம்பமுடியாமல் கேட்டான்.

"என் கையாலதான். தப்பாக் கட்டிட்டேன். நீ ஏன் சிச்சோவை விட்டு வாங்கினே?"

"நானே வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"நல்லாத் திட்டிட்டுக் குடுத்திருப்பேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியது, கண்ணீர்தான் வந்தது. சொய்லாவுக்கும் வந்தது. ஆனால் அவள் துடைத்துக்கொண்டு நான்கு கேபிளையும் ஒன்றாகச் சுருட்டினாள்.

"எங்க போறே?"

"ஆஸ்பத்திரிக்கு. உபால்தோகிட்டயும் மிக்தாலியாகிட்டயும் சொல்லணும்."

"அவ உன்னைக் கிழிச்சுடுவா, சொய்லா. நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா உனக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கத் தோணும்."

கேக்கு அம்மாளைத் தன் வண்டியில் ஏற்றி, அவள் பேத்தி வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரி.

உபால்தோவின் கால் கயிற்றில் உயரத் தொங்கியது. மிக்தாலியா அவன் வாயில் ஸ்பூனால் சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தாள். சொய்லா கேபிள்களைக் கட்டில்மேல் வைத்தாள்.

"தப்பு என்னோடது, உபால்தோ. எவர்சில்வர் கம்பியில சாதா அமிலத்தை வச்சுப் பத்த வச்சேன். ஈயம் பிடிக்கல. மத்த மூணையும் கழட்டிட்டேன். இனி ஒருத்தரும் விழமாட்டாங்க."

மிக்தாலியா எழுந்தாள். அறைந்தாள். பக்கத்துக் கட்டில் நோயாளிகூடத் திரும்பிப் பார்த்தார். சொய்லா கன்னத்தைத் தொடவில்லை. அடுத்த அடிக்காக நின்றாள்.

அது விழவில்லை. மிக்தாலியா சூப்புக் கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள்.

"நான் ரெண்டு நாளாத் தூங்கல. மிச்சத்தை நீ ஊட்டு," என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.