டாங்கிக்குத் தூசி தட்டுகிறவன்

வாரத்தில் மூன்று நாள் நான் ஒரு ஜெர்மன் டாங்கிக்குத் தூசி தட்டுகிறேன். பலெர்மோவில் நான் வேலைசெய்யும் வீட்டு ஐயா, சின்யோர், பசை வைத்து ஒட்டிச் செய்த சின்ன மாதிரி வடிவம் அது. முழங்கை நீளம். டைகர், புலி என்று பெயர். எங்கள் ஆட்கள் அதை வைத்துப் பகிடி விடுவார்கள். துணி கூடாதாம், மெல்லிய தூரிகைதான் வேண்டுமாம். இரும்பு எவ்வளவு தடிப்பு, எத்தனை தொன் என்று அவர் பாடம் எடுக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வன்னியில் டாங்கிக்கு முன்னால் ஓடியவன் நான். ஆனாலும் தூரிகையை ஓட்டிக்கொண்டே தலையாட்டுவேன். இங்கே தங்குவதற்கான பெர்மெசோவை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலைக் கடிதத்தில் அவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

போன திங்கள் டாங்கிக்கு முன்னால் ஒரு குட்டி வீடு முளைத்திருந்தது.

"நீ போர் பார்த்தவன். சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார் சின்யோர்.

"ஓடுகள் இருக்கக் கூடாது," என்று சொல்லித் தொலைத்தேன். "கதவும். டாங்கி வர முதலே நாங்கள் கூரையைப் பிரித்து, கதவு நிலை எல்லாம் கழற்றி வண்டிலில் ஏற்றிவிடுவோம். போகிற இடத்தில் திரும்பவும் வீடு கட்ட வேண்டுமே."

அவர் ஆவலோடு எழுதிக்கொண்டார்.

சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் மனைவியிடம் இதைச் சொன்னேன். வெங்காயம் வெட்டிய கத்தியை வைத்துவிட்டாள்.

"எங்கடை கதவை ஏன் அந்தாளுக்குக் குடுத்தனீங்கள்? இடம்பெயர்ந்த அஞ்சு இடத்துக்கும் நானெல்லோ மற்றப் பக்கம் பிடிச்சுக் காவினது!"

ஆறாவது இடத்தில் அந்தக் கதவு நாங்கள் பதுங்கிய பங்கர் குழிக்குக் கூரையானது. அதை நான் சின்யோரிடம் சொல்லவில்லை. அந்த மட்டில் அது அவர் கையில் சிக்காமல் தப்பியது.

வெள்ளிக்கிழமை போனேன். குட்டி வீட்டில் ஓடில்லை, கதவில்லை. கதவு ஒரு கைவண்டிலில் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு விரலளவு மனிதன் ஒருவன், முகத்துக்கு மண்ணிறம். டாங்கியின் குழல் அவன் முதுகுக்கு நேரே.

"இது நீதான்!" என்றார், பிறந்தநாள் பரிசு தருகிறவர் மாதிரி. மனதில் கள்ளமில்லாத ஆள். அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது.

அவர் கோப்பி போடப் போனார். நான் அவனைக் கிள்ளி எடுத்தேன், கதவையும் எடுத்தேன், சட்டைப்பைக்குள் போட்டேன். காயாத பசை விரலில் பிசுபிசுத்தது.

"எங்கே அவன்?" என்றார் கோப்பியோடு திரும்பி வந்த சின்யோர்.

அவர் இன்னும் கையெழுத்து வைக்காத என் வேலைக் கடிதம் மேசையில் கிடந்தது.

"போய்விட்டான், சின்யோர். கதவைக் கழற்றத் தெரிந்தவன் டாங்கி வரும்வரை நிற்கமாட்டான்."