ஐந்து வரியில் ஒரு விடை

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் எட்டு வருடங்களாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒரு கதை உண்டு. மகன் வீட்டில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் முதியவர், அவரோடு விளையாடும் பேத்தி, கடைசிப் பத்தியில் மனம் திருந்தும் மகன். மூன்று பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும். அதன் முடிவில் ஒரு கேள்வி: ‘உங்கள் வீட்டில் உள்ள முதியவரிடம் நீங்கள் எவ்வாறு அன்பு காட்டுகிறீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.’

வருடா வருடம் ஒரே விடைதான் வரும். தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன், செய்தித்தாள் படித்துக் காட்டுவேன், கையைப் பிடித்துப் பூங்காவுக்கு அழைத்துப் போவேன். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் முதியவர்களே கிடையாது, ஊரில் இருப்பார்கள். நானும் படித்தும் படிக்காமலும் ‘சரி’ போட்டுக்கொண்டே போவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை, ஆசிரியர் அறையில் அப்படித் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு நோட்டில் இப்படி இருந்தது:

‘நான் பள்ளியிலிருந்து வந்ததும் தாத்தாவின் கைக்கட்டை அவிழ்பேன். கை சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவேன். சோறு ஊட்டுவேன். கடைக்குப் போகும்போது மறுபடி கட்டிவிடுவேன். தாத்தா அழுதால் அழுகை நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.’

‘அவிழ்பேன்’ என்பதில் விட்டுப்போன ‘ப்’பை என் சிவப்புப் பேனா முதலில் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் எழுதியிருப்பது என்ன என்று எனக்கு உறைத்தது.

எழுதியவள் மூன்றாவது பெஞ்சில் உட்காரும், அதிகம் பேசாத பெண். அப்பா லாரி ஓட்டுகிறவர், பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் வேலை. தாத்தா என்றது அம்மாவின் அப்பா. சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“யாரு தாத்தாவ கட்டறது?”

“அம்மா. காலைல வேலைக்குப் போறப்ப.”

“கட்டலன்னா?”

“டூட்டிக்குக் கிளம்பிடுவாரு மிஸ்.” ஏதோ மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நான் தப்பா எழுதிட்டேனா? அன்பு எப்படிக் காட்டறீங்கன்னுதானே மிஸ் கேட்டிருந்துச்சு?” என்றாள்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். “வீட்டு விஷயம். நாம தலையிட்டா நாளைக்கே டி.சி. வாங்கிட்டுப் போயிடுவாங்க” என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று பள்ளி விட்டதும் நானே அந்தப் பெண்ணோடு நடந்தேன்.

ஓசூர் ரோட்டின் இரைச்சல் குறைந்து, தண்ணீர் லாரி மட்டும் நுழையக்கூடிய ஒரு சந்தில் ஏழெட்டு லைன் வீடுகள். கடைசி வீட்டுக்கு வெளியே பூட்டு தொங்கியது. சாவி அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. அவள் அதைத் தேடும்போதே உள்ளிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று, அவசரமே இல்லாமல், காலையிலிருந்து அப்படியேதான் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தோன்றும்படியாக.

அவர் தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரால் சிமென்டைத் தட்டிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் பழைய பருத்திப் புடவையிலிருந்து கிழித்த பட்டை. தோல் உரியாதிருக்க அதற்கடியில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். மறுமுனை ஜன்னல் கம்பியில். நன்றாக யோசித்துப் போட்ட கட்டு அது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தி, “ரிலீவரா? ஏன் இவ்ளோ லேட்டு?” என்றார். முப்பது வருடம் ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனாக இருந்தவராம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்தால்தானே அவர் வீட்டுக்குப் போக முடியும்.

அவர் மகள் வரும்வரை காத்திருந்தேன். மாலை ஆறே முக்காலுக்கு வந்தார். முகமெல்லாம் துணிப் பஞ்சு. என்னைக் கண்டதும், அவிழ்ந்து கிடந்த பட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“ரெண்டு தடவ மெயின் ரோட்டுல பஸ்ஸுக்கு நடுவுல போய் நின்னாரு மிஸ். ஒரு தடவ கேஸத் தொறந்துவிட்டுட்டு தீப்பெட்டியத் தேடிட்டிருந்தாரு. வாசன வந்து பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தட்டுனாங்க. அன்னைக்குத்தான் கட்டுனேன். எங்கப்பாவ நானே கட்டறேன். வேற என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

முதியோர் இல்லம் என்றேன். விசாரித்தாராம், இப்படிப்பட்டவர்களை எடுக்க மாட்டோம் என்றார்களாம். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் என்றேன். அதற்கு அவர் தன் மாதச் சம்பளம் எவ்வளவு என்று சொன்னார். சொல்ல வேறெதுவும் இல்லாதபோது நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“இது சட்டப்படி தப்பும்மா. யாராவது போலீசுக்குச் சொன்னா பெரிய பிரச்சினையாயிடும்.”

“யாராவதுன்னா யாரு மிஸ்?” என்று கேட்டார், மெதுவாக.

நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அறிவுரை சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். அவர் பட்டையை ஜன்னலிலிருந்து எடுத்துச் சுருட்டினார். “இனிமே கட்டல” என்றார்.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு நிறைவு இருந்ததை மறைக்க முடியாது.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் தினமும் கேட்டேன். “கட்டறதில்லையே?” “இல்ல மிஸ். பூட்டறதோட சரி. கேஸ் சிலிண்டர பக்கத்து வீட்டுல வெச்சிட்டோம்.” அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நான் விரும்பினேன், ஆனால் அவள் நிறுத்தவில்லை. தாத்தா இப்போது உட்காருவதே இல்லை என்றாள். பகல் முழுக்கக் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறாராம். ஒரு நாள், சட்டைப் பொத்தானை எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிறார் என்றாள். இன்னொரு நாள், “வீட்டு ஓனர் அம்மாகிட்ட நல்லா பேசறாரு மிஸ், கன்னடத்துல. முன்ன பேசவே மாட்டாரு” என்றாள். “நல்லதுதானே” என்று சொல்லி வகுப்புக்குப் போனேன்.

பத்தாவது நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் அங்கே போனேன். வீட்டு ஓனர் அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு சாவி இருந்திருக்கிறது. முந்தின நாள் மதியம் பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, மனெகெ ஹோகபேக்கு” என்று கெஞ்சியிருக்கிறார். வீட்டுக்குப் போகணும் என்று, தன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு. மனம் கேட்காமல் கதவைத் திறந்து, மோர் கொண்டுவரத் தன் வீட்டுக்குள் போயிருக்கிறார் அந்த அம்மா. திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை.

மூன்று நாட்கள் தேடினோம். நானும் போனேன். போனில் இருந்த படத்தைப் பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில் காட்டினோம். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருந்த செக்யூரிட்டிக்காரர், ஒரு பெரியவர் வந்து கேட் அருகே நெடுநேரம் நின்றார், விரட்டிவிட்டோம் என்றார். மூன்றாம் நாள் மாலை ஒரு அரசு மருத்துவமனையில் பெயர் தெரியாதவர்களின் வார்டில் அவரைக் கண்டுபிடித்தோம். மடிவாளா அருகே ஏதோ வண்டி இடித்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அவர் மகள் கட்டிலருகே நின்று போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார். “இனிமே எங்கயும் போகமாட்டாரு மிஸ்” என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏழு வாரம் வீட்டில் படுக்கையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்துகொள்வேன், அந்த நேரத்தில் அவர் மகள் துணி துவைத்து, கடைக்குப் போய் வருவார். பெரியவர் என்னைப் பார்த்தாலும் ‘ரிலீவரா?’ என்று கேட்கவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பேத்தி பக்கத்தில் இருந்தபோது இறந்தார். ஒரு வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வந்து, விட்டுப்போன பாடங்களை எல்லாம் தோழியிடம் வாங்கி எழுதி முடித்தாள்.

போன மாதம் பஸ்ஸில் அவள் அம்மாவைப் பார்த்தேன். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். மகள் கணக்கில் நன்றாக வருகிறாள் என்றார். பிறகு, “அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா மிஸ்…” என்று தொடங்கினார். கண்டக்டர் வந்தார். டிக்கெட் வாங்கினோம். அதற்குள் அவருடைய ஸ்டாப் வந்துவிட்டது. வருகிறேன் என்று தலையசைத்து இறங்கிப் போனார்.

நன்றி சொல்ல வந்தாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. மறுநாளிலிருந்து அதற்கு முந்தைய பஸ்ஸில் போகிறேன்.