எட்டு நிமிடம் முந்திய போர்டு

1. ரெண்டு வருஷம்

கொழும்பில் நான் போன முதல் நேர்முகப் பரீட்சை ஆறு நிமிடத்தில் முடிந்தது. கற்பிட்டிப் பக்கமிருந்து விடிய முன் பஸ் ஏறி, சேர்ட் கசங்கக் கூடாதென்று முதுகைச் சாய்க்காமலே போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சிவியைப் புரட்டினார். ஒரே தாள்தான். பின்பக்கம் வெறுமை.

"தம்பி, வேலை செஞ்ச இடம் ஒண்டுமே இதுல இல்லையே."

"சேர், இது டிரெய்னி வேலைதானே?"

"ஓம். ஆனா ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேட்டிரிக்கோமே. விளம்பரத்தைப் பாக்கல்லயா?"

பார்த்தேன். அச்சுப் பிழை என்று நினைத்தேன். பழகுவதற்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் பழகி முடித்தவன்தான் வேண்டுமாம். இதை எழுதிய மனுசன் ஒரு தடவை வாசித்துப் பார்த்திருப்பானா? இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

அதன் பிறகு இருபத்தாறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது நாலு. முந்தலில் ஒரு இறால் பண்ணையில் தொட்டிகளின் ஒட்சிசன் அளவைக் கொம்பியூட்டரில் பார்க்க ஆள் தேடினார்கள். அங்கேயும் போனேன்.

"இறால் பத்தித் தெரியுமா?" என்றார் மனேஜர்.

"கொம்பியூட்டர் பத்தித் தெரியும்."

"அப்ப ரெண்டுல ஒண்டுதான் தெரியும்." சிரித்துக்கொண்டே தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். வந்ததில் நல்ல பதில் அதுதான்.

டிப்ளோமா முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாப்பா ஒன்றும் கேட்க மாட்டார். அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் வேலை கிடைக்காவிட்டால் மாமாவின் வெங்காயத் தோட்டத்துக்குப் போவதென்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

2. பள்ளி வேலை

அந்த வருட நோன்பு மாதத்தின் நடுவில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் நேரம் காட்டும் போர்டு பழுதானது. ஐந்து நேரத் தொழுகைக்கும் பாங்கு நேரத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டும் எல்ஈடி போர்டு. கடற்காற்றின் உப்பு உள்ளே போய் அரித்துவிட்டது. ஒரு நாள் இரண்டு நிமிடம் பிந்தும், மறுநாள் மூன்று நிமிடம் முந்தும். ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுத மாட்டேன். எழுதினால் என்னை ஊருக்குள் விட மாட்டார்கள்.

பள்ளித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "இர்ஷாத், நீ கொம்பியூட்டர் படிச்சவன்தானே? சும்மாதானே இரிக்கிறாய்?"

சும்மாதான் இருந்தேன். ஆத்திரம் வந்தது, ஆனால் ஓம் என்றேன்.

பழைய போர்டின் மூளையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையளவு கொம்பியூட்டர் ஒன்றைப் பொருத்தினேன். நானே புரோகிராம் எழுதினேன். மாதம் முழுவதற்குமான நேரங்களை ஒரு பட்டியலாக உள்ளே கொடுக்க வேண்டும். எங்கள் குசினியில் பிரிட்ஜ் கதவில் நோன்பு கலண்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு நேரமாக டைப் பண்ணினேன்.

டெஸ்ட் பண்ணினேனா என்று கேட்பீர்கள். பண்ணினேன். டைப் பண்ணியதை அதே கலண்டரோடு மூன்று தரம் ஒப்பிட்டேன். பொய்யை அதே பொய்யோடு ஒப்பிட்டால் சரியாகத்தான் வரும்.

அந்தக் கலண்டர் எங்கள் ஊருடையது அல்ல. தாத்தாவை, அதாவது என் அக்காவை, கட்டிய மச்சானின் ஊர் கிழக்குக் கரை. நோன்புக்கு முன் வந்தபோது அவர் கொண்டுவந்து ஒட்டியது. கிழக்கில் பொழுது எங்களுக்கு முன்பே விழுந்துவிடும், ஏறக்குறைய எட்டு நிமிடம். எந்தப் பகுதிக்கான நேரம் என்று கலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வெளியூரில் சம்பந்தம் செய்த வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி இரண்டு ஊர்க் கலண்டர் தொங்கும். உம்மாமார் சரியானதைத்தான் பார்ப்பார்கள். எங்கள் உம்மாவும் சரியானதை அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். படித்தவன் நான் பிரிட்ஜைப் பார்த்தேன்.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு போர்டை மாட்டினேன். பாங்கு சொல்லும் காசிம் நானா நிமிர்ந்து, நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தைப் பார்த்தார்.

"மஃரிப் நேத்து இதைவிடக் கொஞ்சம் பிந்தித்தானே மவன்?"

"நேத்து பழைய போர்டு பிழை நானா. அதுக்குத்தானே மாத்தின."

"அப்பிடியா. படிச்சவங்க நீங்க சென்னா சரிதான்."

சுவரில் எங்கள் ஊருக்கான அச்சடித்த பட்டியல் தொங்கியது. நாங்கள் இருவரும் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

3. பொழுது நிற்கிறது

அன்று பின்னேரம் பள்ளியில் முந்நூறு பேருக்கு மேல். வரிசை வரிசையாகக் கஞ்சிக் கோப்பை, ஈத்தம்பழம், தண்ணீர். எல்லாருடைய கண்ணும் என் போர்டில். நேரம் வந்து சிவப்பு எழுத்துகள் பச்சையானதும் காசிம் நானா பாங்கு சொல்லத் தொடங்கினார். முந்நூறு கைகள் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின. ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில் எத்தனையோ வீடுகள். அங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும். எனக்கு மேல் சிலிர்த்தது. நான் எழுதிய ஒரு வரி, ஒரு முழு ஊரின் கையை உயர்த்தியது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாங்கு முடிந்த கையோடு மீனவர் ரபீக் வாசலில் வந்து நின்றார். கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. கரையில் வலை கழுவிக்கொண்டு நின்றவர்.

"என்னடாப்பா செஞ்சீங்க? பொழுது இன்னம் நிக்கிதே! தண்ணிக்கு மேல நிக்கிது, வந்து பாருங்க!"

ஒருவர் வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகமே சொல்லிவிட்டது.

மௌலவி வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டு மைக்கை எடுத்தார். குரலில் கோபமே இல்லை. "யாரும் மேற்கொண்டு சாப்பிட வாணாம். பொழுது படல்ல. தெரியாமச் செஞ்சதுக்குக் குற்றமில்ல. இந்த ஒரு நோன்ப மட்டும் பொறவு கழாச் செய்ங்க, திரும்பப் பிடிச்சுக் குடுங்க. இப்ப பொறுமையா இரிங்க."

முந்நூறு கோப்பைகள் கீழே வைக்கப்பட்டன. ஒரு சத்தம் இல்லை. பகல் முழுவதும் தோட்டத்திலும் உப்பளத்திலும் கடலிலும் காய்ந்த ஆட்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மீதி இருந்தது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைப் போல நீளமான ஒன்றை நான் வாழ்க்கையில் பார்க்கவில்லை. எத்தனையோ பெரிய சிஸ்டங்களை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த ஆட்கள் அசையாமல் இருந்ததைப் போல ஒன்று என்னை மலைக்க வைக்கவில்லை.

பின்கதவு எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போயிருக்கலாம். எழும்பி நின்றேன். "நான்தான் பிழை. கிழக்கு ஊர்க் கலண்டரப் பாத்து அடிச்சிட்டேன். காசிம் நானா கேட்டாரு, நான்தான் சரியெண்டு சென்னேன்."

பிறகு காசிம் நானா மெதுவாகச் சொன்னார்: "கொம்பியூட்டர் படிச்ச மவன், எங்கட பொழுத மட்டக்களப்புக்குப் போயா பாத்த?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசையாகச் சிரித்தார்கள். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

4. கரையில் பதினொரு நாள்

போர்டைக் கழற்றச் சொல்வார்கள் என்று நினைத்தேன். தலைவர் கேட்டது வேறு. "எப்ப சரியாகும்?"

அன்றிரவே சரியான பட்டியலைப் போட்டேன். எந்தப் பகுதிக்கான நேரம் என்று போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் வரச் செய்தேன். முந்திய நாளைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் போர்டு பச்சையாகாமல் மஞ்சளாக நிற்கும். காசிம் நானா சுவர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். மிச்சமிருந்த பதினொரு நாளும் மஃரிபுக்கு முன் கரையில் நின்று, சூரியன் தண்ணீருக்குள் போவதைப் பார்த்து, காசிம் நானாவுக்குப் போன் பண்ணினேன். ரபீக் ஒவ்வொரு நாளும் கேட்டார்: "என்ன தம்பி, இண்டைக்கும் சூரியனுக்கு டியூட்டியா?"

பெருநாள் கழிந்து ஒரு திங்கட்கிழமை ஊரே சேர்ந்து கழா நோன்பு பிடித்தது. பின்னேரம் அதே வரிசைகள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

5. கேள்வி

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு நேர்முகப் பரீட்சை வந்தது. சப்போர்ட் டிரெய்னி. இவர்களும் ரெண்டு வருடம் கேட்டவர்கள்தான். மேசையில் இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். ஆண் சிவியைப் பார்த்து வழக்கமானதைக் கேட்டார். நான் வழக்கமானதைச் சொன்னேன். அவர் தாளைக் கவிழ்த்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த மெடம் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அர்த்தத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் செய்த ஏதாவது, ஆட்கள் பாவித்துக்கொண்டிருக்கும்போது பிழைத்திருக்கிறதா?"

சிவியில் பள்ளி போர்டு இல்லை. அது வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை. அவமானம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கலண்டர், பிரிட்ஜ், ரபீக், கஞ்சிக் கோப்பை. நோன்பு என்றால் என்ன, கழா என்றால் என்ன என்று இடையிடையே விளக்கினேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

ஆண் சொன்னார்: "அது பள்ளிக்குச் செய்த உதவி. இண்டஸ்ட்ரி அனுபவம் இல்லையே."

மெடம் அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "யார் கண்டுபிடித்தது?"

"கரையில் நின்ற மீனவர்."

"உங்களால்தான் என்று யார் சொன்னது?"

"நான்."

"அந்தத் திங்கட்கிழமை, ஆட்கள் எதைப் பார்த்து நோன்பு திறந்தார்கள்? சூரியனையா, உங்கள் போர்டையா?"

தூணுக்குப் பின்னால் இருந்து நான் பார்த்தது அப்போதுதான் எனக்கே விளங்கியது. பள்ளியின் மேற்கு யன்னல் திறந்துதான் இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முந்நூறு முகமும் போர்டில்தான் இருந்தன. "போர்டைத்தான்" என்றேன்.

"முதலாம் திகதி வாருங்கள்" என்றார்.

பதினொரு வருடம் ஓடிவிட்டது. இன்று நேர்முகப் பரீட்சை எடுப்பவன் நான். எங்கள் டிரெய்னி விளம்பரத்தில் ரெண்டு வருட வரியை வெட்டியது என் கைதான். அதற்காக இரண்டு கூட்டத்தில் கத்தவும் வேண்டியிருந்தது. வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்கோ, பள்ளிக்கோ, கோவிலுக்கோ நீங்கள் செய்து கொடுத்த ஒன்று பிழைத்திருந்தால் அதைச் சிவியில் எழுதுங்கள். எப்படிப் பிழைத்தது, அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள், திரும்பவும் அதை அவர்கள் பாவித்தார்களா என்பதை எழுதுங்கள். பின்கதவால் போகாதவனுக்கு மற்ற எல்லாவற்றையும் நான் மூன்று மாதத்தில் பழக்கிவிடுவேன்.